நாம் வாழ்வது எந்தக் காலத்தில்?

ஏழு வளையங்களை வரிசையாக வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு காலத்தின் பெயரை எழுதிய நீண்ட படமொன்று இப்போது எம்மவர் வீடுகள் சிலவற்றுக்குள்ளும் வந்திருக்கிறது. முதல் வளையம் ஏதேன் தோட்டம். கடைசி வளையம் ஆயிரமாண்டு அரசு. ஆறாம் வளையத்தின் ஓரத்திலே ஓர் அம்புக்குறி மேல்நோக்கிச் செல்லும். அங்கேதான் நாம் நிற்கிறோமாம். இன்னும் சிறிது காலத்தில், ஒருவேளை இன்றிரவே, உண்மை விசுவாசிகள் இரகசியமாக உயரே எடுத்துக்கொள்ளப்படுவார்களாம்; எஞ்சியோர் ஏழாண்டு உபத்திரவத்தில் அகப்படுவார்களாம். படத்தைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். அண்ணனாக இருப்பார், மைத்துனனாக இருப்பார், வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த பெறாமகளாக இருப்பார். அவர்கள் அன்போடுதான் கொண்டுவருகிறார்கள்; அதனாலேயே காரியம் கடினமாகிறது. "பூசைக்குப் போகிறீர்கள், செபமாலை சொல்கிறீர்கள், சரி, ஆனால் எடுத்துக்கொள்ளப்படுவீர்களா?" என்று கேட்கும்போது தாய்க்கு விடை தெரிவதில்லை. பக்கத்தில் இருந்து கேட்ட பிள்ளைக்கு அன்றிரவு நித்திரை வருவதில்லை.

படத்தைப் பார்த்துச் சிரிப்பதும் சரியன்று, கிழித்தெறிவதும் சரியன்று. காலங்களை வகுத்து இறைவனின் திட்டத்தைப் படிப்பது கத்தோலிக்கருக்குப் புதிய வேலையல்ல. ஆதித் திருச்சபையின் நாள் முதலே அது நடந்து வந்திருக்கிறது. அந்தப் பாதையில் எம்மவர் சிலரும் வழிதவறியிருக்கிறார்கள். ஆகவே யார் எப்படி வகுத்தார், எந்த இடத்தில் அவ்வகுப்பு விசுவாசத்துக்கு இசைந்தது, எந்த இடத்தில் இசையாமற் போயிற்று என்பதை இவ்வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வீட்டை நடத்தும் ஒழுங்கு

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் முதலாம் அதிகாரத்தில், காலம் நிறைவுறும்போது அனைத்தையும் கிறிஸ்துவின் தலைமையில் ஒன்றுசேர்ப்பதே தந்தையின் திட்டம் என்று கூறுமிடத்தில், 'ஓய்க்கொனோமியா' என்ற கிரேக்கச் சொல்லை வழங்குகிறார். 'ஓய்க்கோஸ்' என்றால் வீடு. வீட்டை ஒழுங்காக நடத்துவதே அச்சொல்லின் பொருள். இலத்தீனில் அது 'திஸ்பென்சாசியோ' ஆயிற்று. ஆங்கிலத்தில் 'டிஸ்பென்சேஷன்' ஆயிற்று. போகப்போகக் காலப்பகுதி என்ற பொருளும் அதன்மேல் ஏறிக்கொண்டது. தமிழிலே அதனை 'யுகம்' என்று பெயர்க்கும்போது இன்னுமொரு சிக்கல் சேர்கிறது. யுகம் என்றதும் எமது காதில் கிருத, திரேதா, துவாபர, கலி என்ற நான்கும் விழும். அவை மாறி மாறிச் சுற்றி வருபவை. வேதாகமம் கூறும் வரலாறு அப்படிச் சுழல்வதில்லை. அதற்கு ஆரம்பமும் முடிவும் உண்டு. ஒரே ஒருமுறை நடந்து மீண்டும் நடக்கத் தேவையில்லாத சிலுவை மரணமும் உயிர்ப்பும் அதன் நடுவில் உண்டு.

இரண்டாம் நூற்றாண்டிலேயே சிலர் இந்த ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்துவிடப் பார்த்தார்கள். பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, யேசுவின் தந்தை வேறு என்று போதித்தவன் மார்சியோன். அவனுக்கும் ஞானவாதிகளுக்கும் எதிராக லியோன் நகரின் ஆயர் புனித இரேனியூஸ் ஏறக்குறைய கி.பி. 180இல் எழுதினார். கடவுள் மனிதகுலத்துடன் செய்த நான்கு உடன்படிக்கைகளை அவர் எண்ணிக் காட்டுகிறார். ஒரே கடவுளானால் ஏன் இத்தனை படிகள் என்ற கேள்விக்கு அவர் தரும் விடை ஒவ்வொரு தாய்க்கும் விளங்கும். தாய் நினைத்தால் கைக்குழந்தையின் முன் முழுச் சாப்பாட்டையும் வைக்கலாம். குழந்தையால் அதை உண்ண முடியாது. குறை தாயிடத்தில் இல்லை. மனிதன் அப்போது குழந்தையாக இருந்தான். அவன் வளரும் அளவுக்கு ஏற்பக் கடவுள் கொடுத்தார். பாலும் சோறும் வேறு வேறு. கொடுக்கும் கை ஒன்றே. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் நான்காம் அதிகாரங்களில் சின்னப்பர் கூறுவதும் இதுவே: சட்டம் பிள்ளையை நடத்திச்சென்ற வழித்துணை, மகன் வந்தபின் நாம் உரிமைப் பிள்ளைகள்.

இந்த இரேனியூசுமே ஆயிரமாண்டு அரசு ஒன்று இவ்வுலகில் வரும் என்று எதிர்பார்த்தவர்தான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவருக்கு முன் எழுதப்பட்ட பர்னபாவின் திருமுகம் என்ற பழைய நூல், ஆறு நாட் படைப்பை ஆறாயிரம் ஆண்டுகளாகக் கொண்டு கணக்குப் பார்த்தது. ஆண்டவருக்கு ஒரு நாள் ஆயிரம் ஆண்டு போல என்ற வேதவாக்கை வாய்பாடு போலக் கையாண்டதன் விளைவு அது.

கணக்கரின் விரல்கள்

இந்த ஆறு நாட்களையும் எடுத்து, அவற்றிலிருந்து ஆண்டுக் கணக்கைக் கழற்றிவிட்டவர் புனித அகுஸ்தீனார். கி.பி. 400ஐ அண்டி கார்த்தேஜ் நகரத் தியாக்கோன் தெயோகிராசியாஸ் என்பவர், ஞானோபதேசம் கற்பிக்கும்போது தமக்கே சலிப்பு உண்டாகிறது என்று முறையிட்டு அவருக்கு எழுதினார். (ஞாயிறு மறைப்பாடசாலை ஆசிரியர்களுக்கு இம்முறையீடு புதிதாயிராது.) அதற்கு விடையாக ஒரு சிறு நூலையே எழுதிய அகுஸ்தீனார், படைப்பிலிருந்து இன்றைய திருச்சபை வரை கதையாகச் சொல், எல்லாவற்றையும் அன்பை நோக்கித் திருப்பு என்றார். கதையின் படிகள் ஆறு: ஆதாமிலிருந்து நோவா வரை, நோவாவிலிருந்து ஆபிரகாம் வரை, ஆபிரகாமிலிருந்து தாவீது வரை, தாவீதிலிருந்து பாபிலோன் அடிமைத்தனம் வரை, அதிலிருந்து கிறிஸ்துவின் பிறப்பு வரை, கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து உலக முடிவு வரை. நடுப்படிகள் மத்தேயு நற்செய்தியின் முதலாம் அதிகாரத்திலிருந்து வந்தவை. ஆபிரகாம், தாவீது, பாபிலோன், கிறிஸ்து என்று பதினான்கு பதினான்கு தலைமுறையாக மத்தேயுவே வகுத்துவைத்திருக்கிறார்.

இன்னோரிடத்தில் இந்த ஆறையும் மனித வயதுகளோடு ஒப்பிடுகிறார்: குழந்தைப்பருவம், சிறுபருவம், விடலைப்பருவம், வாலிபம், நடுவயது, முதுமை. எமது காலம் உலகின் முதுமை. ஆயினும் அந்த முதுமையிலேதான் புதிய மனிதன் பிறக்கிறான் என்று அவர் சேர்த்துக்கொள்கிறார். உரோமாபுரியை 410இல் கோத்தர் சூறையாடியபின், உலகமே முடிந்தது என்று பலர் கலங்கியிருந்த காலத்தில், 413 முதல் 426 வரை எழுதிய 'கடவுளின் நகரம்' என்ற நூலை இதே ஆறு காலங்களோடுதான் முடிக்கிறார். ஆறாம் காலம் இப்போது ஓடுகிறது, அதைத் தலைமுறைகளால் அளக்க முடியாது என்கிறார். காரணம், நேரங்களையும் காலங்களையும் அறிவது உங்களுக்குரியதன்று என்று உயிர்த்த ஆண்டவரே அப்போஸ்தலருக்குச் சொல்லியிருக்கிறார். ஆண்டவரின் விண்ணேற்றத்திலிருந்து 400 ஆண்டு, 500 ஆண்டு, 1,000 ஆண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அக்காலத்திலும் உண்டு. அவர்கள் எல்லாருடைய விரல்களையும் ஆண்டவரின் அந்த ஒரு வார்த்தை தளர்த்திவிட்டது என்பது அகுஸ்தீனாரின் நயமான பேச்சு.

திருவெளிப்பாட்டின் இருபதாம் அதிகாரத்தில் வரும் ஆயிரம் ஆண்டுகளைப் பற்றி அவர் ஒருகாலத்தில் மற்றவர்களைப் போலவே எண்ணியிருந்தார்; அதை அதே நூலில் ஒளிவின்றிச் சொல்கிறார். பின்னர் அவர் வந்தடைந்த முடிவே மேற்றிசைத் திருச்சபையில் வேரூன்றியது. ஆயிரம் என்பது நிறைவைக் குறிக்கும் எண். கிறிஸ்து தம் புனிதரோடு இப்போதே திருச்சபையில் அரசாளுகிறார். அந்த ஆயிரம் ஆண்டும் நாம் வாழும் இந்தக் காலமேயாகும்.

இவ்விடயத்தில் அவர் எழுதிய ஒரு கடிதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்றைய குரோவேசியா நாட்டின் கரையோரத்திலிருந்த சலோனா நகரின் ஆயர் எசீக்கியுஸ், தானியேல் நூலின் வாரங்களைக் கொண்டும் நடப்பு அடையாளங்களைக் கொண்டும் முடிவு நெருங்கிவிட்டது என்று எண்ணினார். அகுஸ்தீனார் மரியாதையோடு நீண்ட மறுமொழி எழுதினார். ஆபிரிக்காவின் உட்பகுதியிலேயே நற்செய்தியைக் கேளாத மக்கள் இன்னும் இருக்கிறார்களே என்று ஒரு நியாயம் காட்டினார். பின்பு மூன்று ஊழியரைச் சொன்னார். ஒருவன், தலைவர் விரைவில் வருவார், விழித்திருங்கள் என்கிறான். மற்றவன், தாமதிப்பார், ஆனாலும் விழித்திருங்கள் என்கிறான். மூன்றாமவன், எப்போது என்று எனக்குத் தெரியாது, விழித்திருங்கள் என்கிறான். மூவரும் தலைவரை நேசிப்பவர்களே. ஆனால் முதலாமவன் சொன்னது நடவாவிட்டால், கேட்டவர்கள் தலைவரே வரமாட்டார் என்று எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. மூன்றாமவனிடத்தில் அந்த ஆபத்து இல்லை. தன் அறியாமையை ஒப்புக்கொள்கிற அவனே தவறாதவன்.

பின்வந்த நூற்றாண்டுகளில் ஆறு காலக் கணக்கு ஐரோப்பாவின் ஒவ்வொரு மடத்திலும் பாடமாயிற்று. இங்கிலாந்தின் புனித பேடா எபிரேய மூலத்தின்படி எண்ணி, படைப்பிலிருந்து கிறிஸ்து வரை 3952 ஆண்டுகளே என்று 703இல் எழுதியபோது, 708இல் அவர்மேல் பதிதக் குற்றச்சாட்டே எழுந்தது. பழைய கணக்கில் அது 5199 ஆண்டு. அதைக் குறைத்தால் கிறிஸ்து ஆறாம் காலத்தில் வந்தார் என்பதையே மறுத்ததாகும் என்றார்கள். பேடா கோபத்தோடு மறுத்தார்: காலங்கள் நிகழ்ச்சிகளால் வகுக்கப்பட்டவை, ஆயிரங்களால் அல்ல. அந்த 5199 என்ற எண்ணும் 'உலகின் ஆறாம் காலம்' என்ற தொடரும் நத்தார் இரவில் வாசிக்கப்பட்ட பழைய உரோமை மறைசாட்சியர் நூலின் அறிக்கையில் நெடுங்காலம் இருந்தன. இன்று எம் கோயில்களில் வாசிக்கப்படும் அறிக்கையில் அந்த எண் இல்லை. எண்ணிறந்த காலங்கள் கடந்தபின் என்ற பொருளில் அது தொடங்குகிறது. எண் போயிற்று என்று எவருடைய விசுவாசமும் குறைந்துவிடவில்லை.

மூன்றாம் காலத்தைத் தேடியவர்கள்

அகுஸ்தீனாரின் ஆறாம் காலம் நீண்டுகொண்டே போனபோது, இதைவிட மேலான ஒரு காலம் இவ்வுலகிலேயே வராதா என்ற ஏக்கம் பிறந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் தென் இத்தாலியின் கலாப்ரியாவில் வாழ்ந்த மடாதிபதி பியோரே யோவாக்கிம். 1202இல் இறந்தார். பரிசுத்த திரித்துவத்தையே வரலாற்றின்மேல் விரித்துப் பார்த்தார் அவர். முதலாவது தந்தையின் காலம், பழைய ஏற்பாடு, மணவாழ்வினரின் காலம். இரண்டாவது மகனின் காலம், குருக்களின் காலம். மூன்றாவது ஆவியின் காலம், துறவிகளின் காலம். அப்போது எழுத்து மறைந்து முழு ஞானமும் சுதந்திரமும் மலரும். (குடும்பத்தவர்களாகிய எமது வாசகர்கள் இக்கணக்கின்படி முதலாம் படியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டார்கள்!) ஆபிரகாமிலிருந்து கிறிஸ்து வரை மத்தேயு காட்டும் தலைமுறைகள் 42, ஆகவே கிறிஸ்துவுக்குப் பின்னும் 42, ஒரு தலைமுறைக்கு 30 ஆண்டு. 42ஐ 30ஆற் பெருக்கினால் 1260. திருவெளிப்பாட்டிலும் 1260 நாட்கள் வருகின்றன அல்லவா!

யோவாக்கிம் பணிவுள்ளவர். தம் நூல்களைத் திருப்பீடத்தின் தீர்ப்புக்கு ஒப்படைத்தவர். 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் திரித்துவம் பற்றிய அவருடைய ஒரு நூலைக் கண்டித்தபோதும், அந்தக் கீழ்ப்படிவை நினைவுகூர்ந்து அவரையோ அவரது மடத்தையோ கண்டிக்காமல் விட்டது. தாந்தே என்னும் கவிஞர் அவரை மோட்சத்திலேயே கொண்டுபோய் வைத்தார். ஆனால் வித்து விழுந்துவிட்டது. 1254இல் ஜெரார்ட் என்ற இளம் பிரான்சிஸ்கன் துறவி பாரிஸ் நகரில் ஒரு நூலை வெளியிட்டார். யோவாக்கிமின் எழுத்துக்களே நித்திய நற்செய்தி, 1260இல் புதிய ஏற்பாடும் பழையதாகிவிடும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே, நான்காம் அலெக்சாந்தர் பாப்பரசரின் காலத்தில், அனாஞி நகரில் கூடிய கர்தினால்மாரின் குழு அதை ஆராய்ந்தது, நூல் கண்டிக்கப்பட்டது. ஜெரார்ட் தம் வாழ்நாளைச் சிறையில் கழித்தார். யோவாக்கிமின் எண்ணங்களிற் பற்றுக்கொண்டிருந்த சபைத் தலைவர் பார்மா ஜோன் 1257இல் பதவி விலக நேர்ந்தது. 1260 வந்தது. இத்தாலியில் மக்கள் தம்மைத் தாமே சாட்டையால் அடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 1260 போனது. சலிம்பேனே என்ற துறவி, தாமும் அக்கொள்கையை நம்பியிருந்ததாகவும், அந்த ஆண்டு கடந்தபின் கண்ணாற் காண்பதைத் தவிர எதையும் நம்புவதில்லை என்று தீர்மானித்ததாகவும் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக முன்னரே எசீக்கியுசுக்கு அகுஸ்தீனார் சொன்ன ஆபத்து இதுதான்.

இந்தக் கொந்தளிப்பின் நடுவே அக்குவினாஸ் தோமையார் தெளிவாகக் கேட்டார்: புதிய சட்டம் உலகம் முடியும்வரை நிலைக்குமா, அல்லது அதைவிட நிறைவான நிலையொன்று வருமா? நிலைக்கும் என்பதே அவர் விடை. ஆவியானவர் தரப்படும் காலம் இனி வரவேண்டியதில்லை. பெந்தெகொஸ்தே அன்றே தரப்பட்டார். பார்மா ஜோனுக்குப் பின் சபையை ஏற்ற புனித பொனவெந்தூர், 1273இல் பாரிசில் ஆற்றிய உரைகளில் யோவாக்கிமின் காலங்களைப் பெருமளவு கையாண்டபோதும், கிறிஸ்துவை வரலாற்றின் நடுவிலிருந்து அகற்ற மறுத்தார். இந்தப் பொனவெந்தூரின் வரலாற்று நோக்கையே இளம் குருவாக ஆராய்ந்து, 1959இல் நூலாக வெளியிட்டவர் ஜோசப் ராட்சிங்கர். அவர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசராக இருந்தபோது, 2010 மார்ச் 10ஆம் திகதி பொது மறையுரையில் இதை மீண்டும் விளக்கினார். வேறொரு மேலான நற்செய்தியும் இல்லை, காத்திருக்க வேண்டிய வேறொரு திருச்சபையும் இல்லை என்பது அதன் கருத்து. திருச்சபையின் காலம் முடிந்தது, இனி ஆவியின் காலம் என்று எவராவது கூறும்போது, அது புதுமையான பேச்சன்று. எண்ணூறு ஆண்டுப் பழமையான பேச்சு.

ஏழு வளையங்களின் வரலாறு

இனி முதலிற் சொன்ன படத்துக்கு வருவோம். அதன் தந்தை ஜோன் நெல்சன் டார்பி. 1800இல் பிறந்து, அயர்லாந்தின் அங்கிலிக்கன் சபையில் குருவாகி, அரசுக்குக் கைகட்டி நின்ற தம் சபையின் நிலை கண்டு மனம் நொந்து வெளியேறியவர். 1827இல் குதிரையிலிருந்து விழுந்து படுத்திருந்த நாட்களில் இசையாஸ் ஆகமத்தை ஆழ்ந்து வாசித்தார். இஸ்ராயேலுக்குத் தரப்பட்ட வாக்குறுதிகள் இஸ்ராயேலுக்கே, இம்மண்ணிலேயே நிறைவேறும்; திருச்சபையோ முற்றிலும் விண்ணகத்துக்குரிய வேறொரு மக்கள் என்ற முடிவுக்கு வந்தார். அதன்படி கடவுளுக்கு இரண்டு மக்கள், இரண்டு திட்டங்கள். யூதர்கள் மெசியாவை மறுத்ததும் தானியேல் கூறிய எழுபது வாரங்களில் அறுபத்தொன்பதாவதோடு கடிகாரம் நின்றுவிட்டது. திருச்சபை நடுவில் வந்த ஓர் இடைவெளி. அது இரகசியமாக எடுத்துக்கொள்ளப்பட்டதும் கடிகாரம் மீண்டும் ஓடும்.

இக்கொள்கையை ஏழு காலங்களாக ஒழுங்குபடுத்தி வீடுதோறும் கொண்டுசென்றவர் அமெரிக்கரான ஸ்கோபீல்ட். குற்றமின்மை, மனச்சாட்சி, மனித அரசு, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, இராச்சியம் என்ற ஏழு பெயர்களும் அவர் 1909இல் வெளியிட்ட குறிப்புரை வேதாகமத்தில் உள்ளவை. அதன் வெற்றிக்குக் காரணம் அச்சமைப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. வேதவசனமும் அவருடைய அடிக்குறிப்பும் ஒரே தாளில் இருந்தன. எது கடவுளின் வார்த்தை, எது ஸ்கோபீல்டின் வார்த்தை என்பது வாசித்து வாசித்துப் பழகியவருக்கு மறந்துபோயிற்று. 1918இல் கிளாரன்ஸ் லார்க்கின் என்ற போதகர் அதற்குப் படங்களும் வரைந்தார். அவர் முன்பு இயந்திரப் பொறியியலாளராகவும் வரைபடக் கலைஞராகவும் இருந்தவர். வளையங்களும் அம்புக்குறிகளும் அத்தனை நேர்த்தியாக இருப்பதன் இரகசியம் அது. 1970இல் ஹால் லின்ட்சே எழுதி உலகெங்கும் விற்பனையான நூல், 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியதிலிருந்து ஒரு தலைமுறைக்குள், அதாவது நாற்பது ஆண்டு அளவில், எல்லாம் நிறைவேறலாம் என்று எண்ண வைத்தது. 1988உம் கடந்தது. இக்கொள்கையாளரிலேயே நாள் குறிப்பதைக் கண்டிக்கும் நிதானமானவர்கள் பலர் என்பதையும், இஸ்ராயேலையும் திருச்சபையையும் அத்தனை கூர்மையாகப் பிரிக்காத ஆசிரியர்கள் அண்மைக்காலத்தில் அவர்கள் மத்தியில் எழுந்துள்ளனர் என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். எமது அயலில் வாழும் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையாருக்கும் ஏழு வளையங்கள் பொதுவாக அந்நியமே.

நாள் தவறியது சிறிய காரியம். பெரிய காரியம் மலைப்பொழிவில் இருக்கிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்துக்கு ஸ்கோபீல்ட் எழுதிய குறிப்பு, அப்பொழிவின் முதன்மையான பொருள் வரப்போகும் இராச்சியத்துக்கே உரியது, திருச்சபையின் கடமை அதில் நேரடியாக இல்லை என்கிறது. கிறிஸ்தவனுக்கும் அதில் அழகிய ஒழுக்கப் படிப்பினை உண்டு என்று அவரே சேர்த்துக்கொள்கிறார், உண்மை. ஆயினும் கதவு திறந்தாயிற்று. பகைவனை நேசி, உன்னை அடித்தவனுக்காக மன்றாடு, மன்னித்தால்தான் மன்னிப்புப் பெறுவாய் என்ற பொருள்பட ஆண்டவர் சொன்னவை இன்னொரு காலத்துக்கு ஒத்திவைக்கப்படுகின்றன. இவ்வளவு பகைமையையும் இழப்பையும் கண்ட எமக்கு அந்த வார்த்தைகள் இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்பது எவ்வளவு வசதியாயிருக்கும்! திருச்சபை அந்த வசதியைத் தருவதில்லை. சகல புனிதர் திருநாளில் அவள் எடுத்து வாசிப்பது மலைப்பொழிவின் பேறுகளையே. அவற்றை வாழ்ந்தவர்கள் என்றுதான் புனிதர்களை எமக்குக் காட்டுகிறாள்.

இரு மக்கள் என்ற கொள்கைக்கு விடை உரோமையர் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே ஒலிவமரம் ஒன்றுதான். நாம் ஒட்டப்பட்ட காட்டுக்கிளைகள்; வேர் எம்மைத் தாங்குகிறது. யூத மக்களைக் கடவுள் தள்ளிவிட்டார் என்று முற்காலத்திற் கிறிஸ்தவர் பேசிய பேச்சும் அந்த அதிகாரத்தின் முன் நிற்காது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 ஒக்டோபர் 28இல் வெளியிட்ட அறிக்கை, கடவுள் தம் கொடைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்ற சின்னப்பரின் போதனையை எடுத்துக்காட்டி அதைத் திருத்தியது.

வரவேற்கப் போதல்

எடுத்துக்கொள்ளப்படுதல் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரம். கி.பி. 50ஐ அண்டி எழுதப்பட்டது. அங்குள்ள விசுவாசிகளின் கவலை என்ன? தம் குடும்பத்தில் இறந்துபோனவர்கள் ஆண்டவரின் வருகையில் பங்கின்றிப் போவார்களோ என்பது. இல்லை, அவர்களே முதலில் உயிர்த்தெழுவர், பின்பு உயிரோடிருப்பவரும் அவர்களோடு சேர்ந்து ஆண்டவரை எதிர்கொள்வர் என்று சின்னப்பர் ஆறுதல் கூறுகிறார். எக்காளம் முழங்குகிறது, அதிதூதர் குரல் கேட்கிறது என்று சொல்லும் அந்த இடத்தில் இரகசியம் எங்கே இருக்கிறது?

'எதிர்கொள்ளுதல்' என்பதற்கு அங்குள்ள கிரேக்கச் சொல், ஊருக்கு வரும் பெரியவரை வெளியே சென்று வரவேற்பதற்கு வழங்கியது. அப்போஸ்தலர் பணி இருபத்தெட்டாம் அதிகாரத்தில் உரோமைச் சகோதரர் சின்னப்பரை அப்படித்தான் நகருக்கு வெளியே வந்து எதிர்கொண்டு அழைத்துச் சென்றார்கள். பொன்வாய் அருளப்பரும் தம் மறையுரையில் அரசன் நகருக்குள் நுழையும்போது மதிப்புக்குரியோர் வெளியே சென்று எதிர்கொள்வதையே உவமையாகச் சொல்கிறார். எமக்கும் இது புதிதன்று. புதிய ஆயர் முதன்முறை பங்குக்கு வரும்போது நாம் மேளத்தோடும் குடையோடும் ஊரெல்லைக்குப் போகிறோம். அவரோடு சேர்ந்து ஊரைவிட்டு ஓடிப்போவதற்கா? அவரைக் கோயிலுக்கு அழைத்து வருவதற்கு.

உபத்திரவத்துக்கு முன் நல்லவர்கள் உயரே எடுக்கப்படுவார்கள் என்பதும் அவ்வாறே. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் 675ஆம் எண்ணில், ஆண்டவர் வருமுன் திருச்சபை விசுவாசத்தை உலுக்கும் இறுதிச் சோதனையினூடாகச் செல்ல வேண்டும் என்கிறது. தலைவர் சென்ற வழியைத் தவிர உடலுக்கு வேறு வழியில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்து வந்தபோதும், 2009 மே மாதம் வரை வன்னியில் குண்டுகள் விழுந்தபோதும், எம் மக்களில் விசுவாசமுள்ளவர்கள் தனியாக உயரே எடுக்கப்படவில்லை. மூட்டை முடிச்சோடு மற்றவர்களுடன் நடந்தார்கள். பதுங்குகுழிக்குள் செபமாலை சொன்னார்கள். குருவானவர் இருந்த இடத்தில் மரத்தடியிலே பூசை கண்டார்கள். அதனால் அவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்?

திருச்சபையின் போதனையை இதற்குமேல் சுருக்கமாகவே சொல்லலாம். உலகின் இறுதிக்காலம் ஏற்கெனவே எம்மை வந்தடைந்துவிட்டது என்று சங்கத்தின் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டு (1964) கூறுகிறது. கிறிஸ்து மாட்சியுடன் தோன்றுமுன் இனிப் புதிய பொது வெளிப்படுத்தல் எதுவும் எதிர்பார்ப்பதற்கில்லை என்று இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டு (1965) கூறுகிறது. கிறிஸ்து இறுதித் தீர்ப்புக்கு முன் கண்காணத்தக்கதாக வந்து இவ்வுலகில் அரசாளுவார் என்ற தணிந்த வடிவிலுங்கூட ஆயிரமாண்டுக் கொள்கையைப் பத்திரமாகப் போதிக்க முடியாது என்று 1944இல் திருப்பீடம் தீர்த்தது. அத்தீர்ப்பின் பின்னணியிலே நின்றது எம்மவரில் ஒருவரின் நூல்: நாடுகடத்தப்பட்டு இத்தாலியில் வாழ்ந்த சிலி நாட்டு யேசுசபைக் குரு மனுவேல் லக்குன்சா எழுதியது. அது 1824இல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்ந்தது. 1827இல் எட்வர்ட் இர்விங் என்ற ஸ்கொத்லாந்துப் போதகர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மறைக்கல்வி நூலின் 676ஆம் எண், சமயத்தின் பெயரால் மட்டுமன்றி, அரசியலின் பெயராலும் இவ்வுலகிலேயே இறுதிப் பேரின்பத்தை அமைத்துத் தருவதாகக் கூறும் வாக்குறுதிகளையும் இதே வரிசையில் வைக்கிறது.

படத்தைக் கொண்டுவரும் உறவினரோடு வாதாடுவதற்கு முன் குடும்பமாக ஒரு காரியம் செய்யலாம். திருச்சபை தன் காலங்களை வரிசைப்படுத்திக் காட்டும் இரவு ஒன்று உண்டு. பாஸ்காத் திருவிழிப்பின்போது குருவானவர் புதிய திரியில் சிலுவையையும், முதலும் இறுதியுமான இரு கிரேக்க எழுத்துக்களையும், சிலுவையின் நான்கு மூலைகளிலும் நடப்பு ஆண்டின் நான்கு இலக்கங்களையும் பொறித்து, காலங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்கே உரியன என்று அறிக்கையிடுகிறார். பின்பு ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்கள்: படைப்பு (ஆதியாகமம் 1), ஆபிரகாமின் பலி (ஆதியாகமம் 22), செங்கடல் (யாத்திராகமம் 14), இசையாஸ் 54, இசையாஸ் 55, பாரூக்கு 3, எசேக்கியேல் 36. நேரத்தைக் கருதிப் பல பங்குகளில் மூன்று அல்லது நான்கு மட்டுமே வாசிக்கப்படுகின்றன. செங்கடல் வாசகத்தை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது. மற்றவற்றை வீட்டிலே ஓர் இரவுக்கு ஒன்றாக, செபமாலைக்குப் பின், பெரிய பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள். எசேக்கியேலின் புது இதயத்துக்கு வந்தபின் உரோமையர் 6ஐ வாசியுங்கள். திருவிழிப்பின் திருமுக வாசகம் அதுவே, ஞானஸ்நானத்தைப் பற்றியது. உறவினரும் வந்திருந்தால் அவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் கையிலுள்ள வேதாகமத்தில் பாரூக்கு நூல் இராது; அதற்கு மட்டும் உங்கள் வீட்டுப் பிரதியைக் கொடுங்கள்.